குவார்ட்சைட் சமையல் மேடையில் சிங்க் ஓரம் மட்டும் தண்ணீர் குடிக்குது, என்ன செய்யலாம்?

லெதர் ஃபினிஷ் (பளபளப்பில்லாத, லேசா மேடுபள்ளமான மேற்பரப்பு) குவார்ட்சைட் (கடினமான இயற்கைக் கல்), 20 மி.மீ. கனம். கல் அசல்தான். வெட்டுத்துண்டின் முனையால் கண்ணாடியில் இழுத்தால் கீறல் விழுது, வினிகர் 15 நிமிடம் நின்றும் மங்கலை. (மார்பிளையே குவார்ட்சைட்னு தலையில் கட்டுறது சகஜம், அதான் ரெண்டு சோதனையும்.)

சிக்கல் சிங்க் ஓரத்தில். ஒரு சொட்டு தண்ணீர் வைத்தால் 4 நிமிடத்தில் நாணய அளவுக்குக் கருக்குது, காய்ந்ததும் பழைய நிறம். மற்ற இடங்களில் 20 நிமிடம் ஆனாலும் முத்து மாதிரி அப்படியே நிக்குது. தண்ணீரில் கரைத்த, உள்ளே ஊறும் சீலர் (கல்லுக்குள் ஈரம் இறங்காமல் தடுக்கும் திரவம்) 2 கோட் போட்டாச்சு. தலா 10 நிமிடம் ஊறவிட்டு மிச்சத்தைத் துடைத்தாச்சு. துடைக்க விட்டுப்போன மூலையில் மட்டும் வெண்படலம் படிந்தது. அதே சீலரைத் தடவித் தேய்த்ததும் போயிடுச்சு.

சிங்க்குக்காக வெட்டிய பாலிஷ் இல்லாத விளிம்பு வழியா ஈரம் ஏறுதுன்னு சந்தேகம். கல்லுக்குள் ஈரம் இருந்தால் சீலர் இறங்காதே. 48 மணி நேரம் உலரவிட்டு, விளிம்புக்கும் சேர்த்து சால்வென்ட் சீலர் (தண்ணீருக்குப் பதில் வேறு கரைப்பானில் கரைத்தது) போடலாமா? பழையதை முதலில் அசிட்டோனால் எடுக்கணுமா? சிங்க்கைச் சுற்றியுள்ள சிலிக்கான் ஒட்டையும் பிரித்து மாற்றணுமா?

மேலே படலமா நிக்கிற கோட்டிங் யோசனை மட்டும் வேண்டாம், சூடான பாத்திரம் பட்டால் கெட்டுடும்.