பார்சிலோனாவின் கோதிக் பகுதி: பழைய ஊரா, போட்ட செட்டா?

வழிப்போக்கன்:
பார்சிலோனா போகிறேன் என்று யார் கேட்டாலும் இங்கே ஒரே பதில்தான் விழுகிறது. முதல் நாள் கோதிக் பகுதி, இடைக்காலத்துக்கே போய் வந்த மாதிரி இருக்கும் என்று. எந்த இடைக்காலம்? எல்லோரும் அண்ணாந்து படம் எடுக்கிற அந்த பிஸ்பே தெருப் பாலம் 1928இல் கட்டியது. பார்சிலோனாவின் பெரிய கட்டடக் கலைஞர் கௌடியிடம் வேலை பார்த்த ஜுவான் ரூபியோ வரைந்தது. கதீட்ரல் 1298இல் ஆரம்பித்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் நாம் பார்த்து வாய்பிளக்கிற முகப்பு, மனுவேல் ஜிரோனா என்ற வங்கியாளரின் பணத்தில் 1887க்குப் பிறகு எழுந்தது. நடுக்கோபுரம் முடிந்தது 1913இல். 1887 வரை முன்பக்கம் அலங்காரமே இல்லாத சுவர்.

1908இல் துறைமுகத்துக்கு வியா லயேத்தானா சாலை போடுவதற்காகப் பழைய ஊரின் நடுவே வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். அப்புறம் அங்கங்கே தப்பிய ஜன்னல்களையும் வளைவுகளையும் கொண்டுவந்து பொருத்தி, கதீட்ரலைச் சுற்றி ‘பழமை’ செய்து, 1929 உலகக் கண்காட்சிக்கு வரும் கூட்டத்துக்குக் காட்டினார்கள். அதே கண்காட்சிக்காக மோன்ஜுயிக் குன்றில் கட்டிய பொப்ளே எஸ்பன்யோல் கிராமம் தன்னை செட் என்று ஒப்புக்கொள்கிறது. இது ஒப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அசல் வேண்டுமென்றால் சாலையைத் தாண்டிப் போய் சாந்தா மரியா தெல் மார் தேவாலயத்தைப் பாருங்கள். 1329இல் தொடங்கி 1383இல் முடித்துவிட்டார்கள். மோன்ஜுயிக்கிலிருந்து கல்லை முதுகில் சுமந்து வந்த சுமைதூக்கிகளின் சின்ன வெண்கல உருவங்கள் வாசல் கதவிலேயே இருக்கின்றன.

கடலைமிட்டாய்:
அப்போ அந்தப் பாலத்துக்குக் கீழே நின்று எடுத்த என் புரொஃபைல் படத்தை என்ன செய்வது? 😭

காரைவீடு:
வழிப்போக்கன் சார், தேதிகள் எல்லாம் சரி. முடிவுதான் சரியில்லை. பழைய கட்டடங்களைச் செப்பனிடுவது என் தொழில் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

‘அசல்’ என்று நீங்கள் எந்த வருஷத்தில் கோடு போடுகிறீர்கள்? சாந்தா மரியாவின் உட்புறம் 1936இல் நாள்கணக்கில் எரிந்தது. அங்கே இன்று நீங்கள் ரசிக்கிற வெறுமையில் அந்தத் தீக்கும் பங்கு உண்டு. பாரிஸ் நோத்ர தாம் தேவாலயத்தில் 2019இல் எரிந்து விழுந்த ஊசிக்கோபுரம் 1859இல் வியோலே-லெ-டுக் என்ற கட்டடக் கலைஞர் எழுப்பியது. அதற்காக உலகமே அழவில்லையா? போலந்தின் வார்சா பழைய நகரம் 1944இல் தரைமட்டமாகி, போருக்குப் பின் திரும்பக் கட்டியது. 1980இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. திரும்பக் கட்டிய உழைப்பும் வரலாறுதான் என்று ஏற்றுக்கொண்டதால்தானே?

இப்போது பார்சிலோனா. வியா லயேத்தானாவுக்கு வழிவிட, பதேயாஸ் மாளிகை என்ற வீட்டைக் கல் கல்லாகப் பிரித்து 1931இல் பிளாசா தெல் ரெய் சதுக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். உங்கள் கணக்கில் இது பக்கா மோசடி. ஆனால் அதற்கு அஸ்திவாரம் தோண்டும்போதுதான் பார்சினோ என்ற ரோமானிய நகரம் தட்டுப்பட்டது! இன்று அந்த வீடுதான் நகர வரலாற்று அருங்காட்சியகத்தின் வாசல். கீழே இறங்கினால் துணி வெளுத்த தொட்டி, சாயத்தொட்டி, மீனை உப்பில் ஊறவைத்து கரும் என்கிற குழம்புச்சாறு செய்த பட்டறை, திராட்சை மது வடித்த கூடம் எல்லாம் வரிசையாக வருகின்றன. நடைபாலத்தில் நின்று பார்த்தால் தெருவின் கழிவுநீர்க் கால்வாய்கூடத் தெரியும். அந்த வீட்டை நகர்த்தாமல் இருந்திருந்தால் அன்றைக்கு அங்கே யார் தோண்டியிருப்பார்கள்?

வழிப்போக்கன்:
வார்சாவை இழுக்காதீர்கள். போரில் பறிபோன ஊரை அந்த ஊர்க்காரர்களே மீட்டுக்கொண்டது அது, மறைக்கவும் இல்லை. இங்கே என்ன நிலைமை? பாலத்துக்குக் கீழே நிற்கிற வழிகாட்டி, கத்தி குத்திய மண்டையோட்டுச் சிற்பத்தைக் காட்டிப் பேய்க்கதை சொல்கிறார். 1928 என்ற எண் அவர் வாயில் வருவதே இல்லை. ரோமானிய நகரம் தற்செயலாகக் கிடைத்தது. தற்செயலை வைத்து ஒரு கொள்கையை நியாயப்படுத்த முடியாது, மேடம்.

காரைவீடு:
வழிகாட்டி பொய் சொன்னால் கட்டடம் என்ன செய்யும்? சாந்த் ஃபெலிப் நேரி சதுக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கதீட்ரலுக்குப் பின்னால், இரண்டு சந்து தள்ளி. செம்புக்கொல்லர் சங்க வீடு, செருப்புத் தைப்போர் சங்க வீடு இரண்டுமே வேறு இடத்திலிருந்து பிரித்துக் கொண்டுவந்து அங்கே நிறுத்தியவை. ஆனால் தேவாலயச் சுவரில், ஆள் உயரத்துக்கும் மேல்வரை, கல் பெயர்ந்து கிடக்கும் குழிகளைத் தொட்டுப் பாருங்கள். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில், 1938 ஜனவரி 30 அன்று, பின்னாளில் சர்வாதிகாரியான பிராங்கோவுக்காக இத்தாலிய விமானங்கள் போட்ட குண்டின் தழும்பு அது. 42 பேர் செத்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். நகர்த்திய வீட்டுக்கும் நகராத சுவருக்கும் நடுவில் நிற்கிறபோது எது செட், எது நிஜம் என்று பிரித்துக் காட்டுங்கள், பார்ப்போம்.

வழிப்போக்கன்:
நல்ல உதாரணம், எனக்குத்தான் சாதகம். அந்தக் குழிகள் எதிர்த்தரப்பினர் பாதிரியார்களை நிற்கவைத்துச் சுட்ட குண்டுகளால் வந்தவை என்று பிராங்கோ ஆட்சிக் காலத்தில் கதை பரப்பினார்கள். அதே ஆட்சியில்தான் அந்தச் சங்க வீடுகளும் அங்கே வந்து உட்கார்ந்தன. குண்டு விழுந்த இடத்தை அழகான பழைய சதுக்கமாக்கிவிட்டால் யார் கேள்வி கேட்கப் போகிறார்கள்? நான் பயப்படுவது இதற்குத்தான்.

அடுப்பங்கரை:
நான் சாந்த் அந்தோனி பக்கம் குடியிருக்கிறேன். நீங்கள் இருவரும் கல்லைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்தக் கல்லுக்கு மேல் மாடியில் யார் இருக்கிறார்கள் என்று ஒருவராவது கேட்டீர்களா? கோதிக் பகுதியில் சாயங்காலம் நடந்தால் சக்கரப் பெட்டி உருளும் சத்தம்தான். சுற்றுலா வாடகை வீடுகளுக்கான 10,101 உரிமங்களையும் 2028 நவம்பருக்குள் இல்லாமல் செய்வோம் என்று மேயர் ஜவுமே கொல்போனி 2024இல் அறிவித்தது சும்மாவா?

ஊர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க நான் சந்தைக்குத்தான் போவேன். லா ரம்ப்லாவில் இருக்கிற பொக்கேரியாவின் வாசலில், ஐஸ் மேல் கலர் கலராக ஜூஸ் கோப்பையும் வெட்டிய பழமும். கூட்டம் அங்கேயே நின்று படம் எடுக்கும், வாங்காது. 15 பேருக்கு மேற்பட்ட குழுக்கள் வெள்ளி, சனி காலைகளில் உள்ளே வரக்கூடாது என்று 2015இல் விதியே போட்டார்கள். கீரை வாங்க வந்த பாட்டிக்கு நகர இடமில்லை என்றால் அது சந்தையா?

காரைவீடு:
அக்கா, வாசலை மட்டும் பார்த்துவிட்டு பொக்கேரியாவுக்குப் பால் ஊற்றாதீர்கள். நடுவில் மீன்கடைகள், கருவாட்டு காட் மீனை ஊறவைத்து விற்கிற கடை, பின்பக்கம் கார்துன்யா சதுக்கம் வரை போனால் இன்னும் சமையல்காரர்கள் வந்து வாங்குகிறார்கள். ஒரு மடம் 1835இல் எரிந்துபோன இடத்தில் வந்த சந்தை அது. அதற்கும் முன்னால் தெருவிலேயே விற்றார்கள். தாக்குப்பிடிக்கும்.

அடுப்பங்கரை:
தாக்குப்பிடிப்பது வேறு, பக்கத்துவீட்டுக்காரர்களுக்குப் பயன்படுவது வேறு. சாந்தா கத்தரினா சந்தையைப் பாருங்கள். 2005இல் அலை அலையாக, 67 நிற ஓடுகளோடு புதுக்கூரை போட்டார்கள். கூரையைப் படம் எடுக்க வருகிறவர்கள் உண்டு, ஆனால் உள்ளே முட்டைக்கடையில் இன்னும் பேரம் கேட்கிறது. எங்கள் சாந்த் அந்தோனி 1882இல் கட்டிய இரும்புச் சந்தை. ஒன்பது வருஷம் மூடி வேலை பார்த்து 2018இல் திறந்தார்கள். அடித்தளத்தில் பழைய கோட்டைச் சுவரின் கொத்தளம் வெளிப்பட்டது, அப்படியே பார்வைக்கு வைத்துவிட்டார்கள். மேலே கத்தரிக்காய், கீழே கொத்தளம். ஒளிக்கவும் இல்லை, மேக்கப்பும் இல்லை. ஆனால் திறந்ததிலிருந்து எங்கள் தெருவிலும் வாடகை ஏறுகிறது, அதையும் எழுதிவைக்கிறேன்.

வழிப்போக்கன்:
இதைத்தானே முதல் பதிவிலிருந்து சொல்கிறேன்! கோதிக் பகுதிக்கு அரை நாள் போதும்.

அடுப்பங்கரை:
நீங்கள் சொன்னது கட்டிய வருஷத்துக்காக. நான் சொல்வது குடியிருக்கிறவர்களுக்காக. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள் தம்பி.

கடலைமிட்டாய்:
சண்டைக்கு நடுவில் ஒரு சந்தேகம். எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் இருக்கிறது. எங்கே போக?

அடுப்பங்கரை:
பொக்கேரியா ஞாயிறு மூடியிருக்கும், அலையாதே. காலையில் சாந்த் அந்தோனிக்கு வா. சந்தையை ஒட்டிப் பழைய புத்தகம், காமிக்ஸ், அஞ்சலட்டை எல்லாம் விரித்திருப்பார்கள். பையன்கள் கார்டு மாற்றிக்கொண்டு நிற்பார்கள். மதியத்துக்குள் கிளம்பிவிடுவார்கள்.

காரைவீடு:
மதியம் பிளாசா தெல் ரெய். அந்த ‘மோசடி’ வீட்டுக்குள் நுழைந்து ரோமானிய நகரத்துக்கு இறங்குங்கள். ஞாயிறு 3 மணிக்கு மேல் அனுமதி இலவசம்.

வழிப்போக்கன்:
போகிற வழியில் பாலத்துக்குக் கீழே வழிகாட்டி நின்றால், எந்த வருஷம் கட்டியது என்று கேட்டுவிட்டு இங்கே வந்து எழுது.