பலகாரக் கடைக்கு ஆப் தேவையா, ஆன்லைன் கடை மட்டும் போதுமா?

வணக்கம். காரைக்குடியில் அம்மாவும் நானும் பலகாரக் கடை வைத்திருக்கிறோம். ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். தீபாவளி நெருங்கினால் "ஆச்சி, மாவுருண்டை ரெண்டு கிலோ, சீப்புச்சீடை ஒண்ணு, இல்ல இல்ல, ஒன்றரை" என்று வாய்ஸ் மெசேஜாகக் குவியும்.

ஆப், ஆன்லைன் கடை இரண்டும் செய்து தருவதாக ஒருவர் சொல்கிறார். ஆனால் ஆப்பை வெளியிடும் பிளே ஸ்டோர் கணக்கு அவர் பெயரில்தான் இருக்குமாம். ஒரே தடவை 25 டாலர் கட்டினால் நம் பெயரிலேயே திறக்கலாமே! அதுதான் உறுத்துகிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் வாங்குகிறவர் நம் ஆப்பை போனில் வைத்திருப்பாரா என்றும் தெரியவில்லை.

எடைக்கும் ஊருக்கும் தக்கபடி கூரியர் கட்டணம் தானாகச் சேர வேண்டும். அன்றைக்குச் சுடும் அளவு முடிந்ததும் ஆர்டர் நிற்க வேண்டும். அப்புறம் யுபிஐ. தேவகோட்டை, காரைக்குடிப் பக்கம் யாராவது இப்படிச் செய்திருந்தால், யாரிடம் செய்தீர்கள், வருடப் பராமரிப்புக்கு எவ்வளவு வாங்குகிறார்கள் என்று சொல்லுங்களேன்.