காவல்துறையின் முதல் வேலை எது என்பதை மக்கள் சொல்லலாமா?

தேன்மொழி:
தங்கள் பகுதியில் போலீஸ் எதை முதலில் கவனிக்க வேண்டும் என்பதை அங்கே குடியிருப்பவர்களைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். 1981 ஏப்ரலில் லண்டனின் பிரிக்ஸ்டனில் வழிப்பறியைத் தடுக்கிறோம் என்று சாதாரண உடையில் வந்த போலீசார், சில நாட்களுக்குள் 900 பேருக்கு மேல் தெருவில் நிறுத்திச் சோதனை போட்டார்கள். அந்தப் பகுதி மக்களிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. கலவரம் வெடித்தது. விசாரித்த ஸ்கார்மன் பிரபு, மக்களோடு கலந்து பேசுவதைச் சட்டக் கடமையாக்கச் சொன்னார். காவல்துறையின் அதிகாரங்களைப் பற்றிய 1984ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது இடம்பெற்றது.

முகிலன்:
கேட்பது சரி. யாரைக் கேட்கிறோம்? சிகாகோவில் 1993 முதல் போலீசார் பகுதிவாரியாக மக்களைக் கூட்டிக் கூட்டம் போட்டார்கள். ஆய்வு செய்த வெஸ்லி ஸ்கோகன் கண்டது, சொந்த வீடு உள்ளவர்களும் வயதில் மூத்தவர்களும்தான் அதிகம் வந்தார்கள் என்பதை. ஸ்பானிய மொழி பேசும் குடியேறிகள் வருவது குறைவு. அப்புறம், வீட்டில் அடி வாங்கும் பெண் அக்கம்பக்கத்தார் நடுவில் எழுந்து அதைச் சொல்வாளா? வாகனம் நிறுத்தும் தகராறுதான் பட்டியலில் முதலில் வரும். எந்தக் குற்றம் அதிகக் கேடு செய்கிறது என்று பதிவேட்டைப் பார்த்து முடிவெடுங்கள்.

தேன்மொழி:
கூட்டத்தில் வாய் திறக்காத அந்தப் பெண் புகார் கொடுக்க மட்டும் போய்விடுவாளா, முகிலன்? பதிவேட்டிலும் அவள் இல்லை. அவள் நம்பிப் பேசும் செவிலியரிடமும் பெண்கள் காப்பகத்திலும் போய்க் கேட்க வேண்டும். நான் கலந்தாய்வு என்று சொல்வது அதையும் சேர்த்துத்தான்.

எழிலன்:
நான் இரண்டு வருடம் இப்படிப்பட்ட கூட்டங்களுக்குப் போனவன். ஒவ்வொரு முறையும் ஒரே புகார்: பேருந்து நிறுத்தத்தில் இரவில் பையன்கள் கூடி நிற்கிறார்கள், விரட்டுங்கள். நானும் கை தூக்கியிருக்கிறேன். ஒருநாள் அவர்களில் ஒருவனை அழைத்து வந்தார்கள். பூங்காவில் விளக்கு எரிவதில்லை, அங்கே இரண்டு பேரிடம் போனைப் பறித்துவிட்டார்கள், வெளிச்சம் இருக்கிற இடம் இது ஒன்றுதான் என்றான். அந்த மாதப் பட்டியலில் பூங்கா முதலிடத்துக்கு வந்தது. அவனை யாரும் கூப்பிடாமல் இருந்திருந்தால் நாங்கள் அவர்களை இருட்டுக்குள்தான் விரட்டியிருப்போம்.

முகிலன்:
எழிலன் சொன்னது மனதில் தைக்கிறது. ஆனால் அங்கேயும் யாரோ ஒருவருக்கு அவனை அழைக்கத் தோன்றியது, அவ்வளவுதான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2012இல் காவல்துறையை மேற்பார்வையிடும் ஆணையரைத் தேர்தல் வைத்தே தேர்ந்தெடுத்தார்கள். வாக்களித்தவர்கள் சுமார் 15 சதவீதம். வீட்டு வன்முறை, குழந்தைகள் மீதான குற்றம் இரண்டையும் எந்தக் கூட்டத்தின் முடிவுக்கும் விடக் கூடாது. மீதி ரோந்து நேரத்தை வேண்டுமானால் மக்கள் சொல்கிறபடி பிரிக்கட்டும்.

தேன்மொழி:
அந்த இரண்டையும் கூட்டத்துக்கு வெளியே வைக்கச் சம்மதம். மீதி நேரத்தில் கேட்டதைச் செய்தார்களா இல்லையா என்று அடுத்த மாதம் அதே கூட்டத்துக்கு வந்து அதிகாரி பதில் சொல்ல வேண்டும். அந்த நேரம் எவ்வளவு என்பதைப் போலீசாரே முடிவு செய்தால் எனக்குச் சம்மதமில்லை.

முகிலன்:
பதில் சொல்லட்டும். நேரத்தின் அளவை மட்டும் கூட்டத்திடம் கொடுக்க மாட்டேன்.