ஏர்போர்ட்டில் எட்டு நாள் நிற்கும் மின்சாரக் கார்: சார்ஜரில் மாட்டிவிட்டுப் போகலாமா?

செங்கல்பட்டுக்காரன்:
வணக்கம். வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு எட்டு நாள் சிங்கப்பூர் போகிறோம். காரை மீனம்பாக்கம் அடுக்குமாடி பார்க்கிங்கில் விடுவதாக எண்ணம். போன தடவை இப்படி விட்டுப் போய்ப் பட்ட பாடு போதும். திரும்பி வந்து சாவியை அமுக்கினால் அசைவே இல்லை. முந்தின நாள் ஆப்பில் 55 சதவீதம் காட்டியது! நள்ளிரவு, தூங்கும் குழந்தை, நாலு பெட்டி. வாடகைக் காரில்தான் வீடு போய்ச் சேர்ந்தோம். இந்த முறை அங்கேயே சார்ஜரில் மாட்டிவிட்டுப் போனால் சரியாகுமா? 40 யூனிட் பேட்டரி. வண்டி வாங்கி மூன்று வருடம்.

பல்லாவரத்தான்:
பெரிய பேட்டரி மேல் தப்பில்லை சார். படுத்தது பானட்டுக்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரியாகத்தான் இருக்கும். கதவுப் பூட்டு, கம்ப்யூட்டர், பெரிய பேட்டரியை இணைக்கும் கான்டாக்டர் என்ற சுவிட்ச் எல்லாம் அதை நம்பித்தான். அது இறங்கினால் பெரியதில் எவ்வளவு இருந்தும் வண்டி எழாது. ஊரிலிருந்து ஆப்பை அடிக்கடி பார்த்தீர்களா?

செங்கல்பட்டுக்காரன்:
தினமும் நாலைந்து தடவை. மனசு கேட்கவில்லை.

பல்லாவரத்தான்:
அதுவும் ஒரு காரணம். நீங்கள் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் பல வண்டிகள் தூக்கம் கலைந்து எழுந்து பதில் சொல்லும். அதற்கான கரண்ட் 12 வோல்ட்டிலிருந்துதான். சில மாடல்கள் பெரிய பேட்டரியிலிருந்து அதைத் தானே நிரப்பிக்கொள்ளும், சில செய்யாது. சார்ஜரில் மாட்டியிருந்தாலும் பெரியது நிறைந்ததும் சார்ஜிங் நின்றுவிடும், அதற்கப்புறம் குட்டி பேட்டரியைக் கவனிக்குமா என்பது மாடலைப் பொறுத்தது. கிளம்பும் முன் மெக்கானிக்கிடம் அந்த 12 வோல்ட் பேட்டரிக்கு லோடு டெஸ்ட் (சுமை கொடுத்தால் தாங்குகிறதா என்ற சோதனை) செய்யுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் நல்லது. 12-க்குக் கீழே என்றால் மாற்றிவிடுங்கள்.

கிண்டி அக்கா:
எட்டு நாள் சார்ஜரை அடைத்துவைக்காதே தம்பி. அடுத்தவர் திட்டுவார், சார்ஜ் முடிந்தும் நிற்கும் வண்டிக்குச் சில இடங்களில் நிமிடக் கணக்கில் காசும் பிடிப்பார்கள். உனக்கு அங்கே சார்ஜே தேவையில்லை. செங்கல்பட்டிலிருந்து 40 கிலோமீட்டர் சொச்சம், ஆறு யூனிட் போனால் அதிகம். வீட்டில் 80 சதவீதம் ஏற்றிக் கிளம்பினால் பார்க்கிங்கில் 65 இருக்கும். நின்றதில் கொஞ்சம் குறைந்தாலும் திரும்ப 15 போதும். 20-லிருந்து 80 வரை ஏற்ற 16 ஆம்பியர் பிளக்கில் ஒரு ராத்திரி ஆகும், அவ்வளவுதான்.
ஏர்போர்ட்டுக்கு எதிரே இருக்கும் திரிசூலம் ஸ்டேஷனுக்கு நேராக எலக்ட்ரிக் ட்ரெயினே இருக்கிறது. நாலு பெட்டியோடா என்று அடிக்க வராதே.

பல்லாவரத்தான்:
இன்னொன்று. இறங்கிப்போன 12 வோல்ட்டை எழுப்பும் ஜம்ப் ஸ்டார்ட்டர் வாங்கினால் டிக்கியில் வைக்காதீர்கள். 12 வோல்ட் செத்தால் பல வண்டிகளில் டிக்கியும் திறக்காது! ரிமோட்டுக்குள் இரும்புச் சாவி ஒளிந்திருக்கும். டிரைவர் கதவை அதால் திறந்து பழகிவிட்டுப் போங்கள்.

செங்கல்பட்டுக்காரன் (திரும்பி வந்தபின்):
மெக்கானிக் மீட்டர் வைத்தபோது 11.8 காட்டியது. புது பேட்டரி போட்டுத்தான் போனோம். நேற்று இரவு சாவியை அமுக்கியதும் லைட் சிமிட்டியது. 66 சதவீதத்தில் விட்டது, 63-ல் நின்றது. இந்த எட்டு நாளும் ஆப்பைப் பார்க்கவே இல்லை. நான் கட்டுப்பாடானவன் இல்லை, வீட்டில் என் போனிலிருந்து அதை எடுத்தேவிட்டார்கள்.