மருந்துக்குச் சாகாத குதிரைவாலிப் புல் விதை தேவை

வணக்கம். நெல் வயல் களைகளில் ஆராய்ச்சி செய்யும் மாணவி நான். டெல்டா நண்பர்களிடம் ஓர் உதவி.

பிஸ்பைரிபேக் சோடியம் என்ற களைக்கொல்லியைச் சரியான அளவில், களை மூன்று நான்கு இலையில் இருக்கும்போது அடித்தும் குதிரைவாலிப் புல் சாகாமல் நிற்கிறதா? அந்த விதைதான் வேண்டும். மருந்து களையை மாற்றிவிடுவதில்லை. கூட்டத்தில் ஏற்கெனவே தாங்கும் ஒன்றிரண்டு செடிகள் தப்பி விதை போட, வருடா வருடம் அதே மருந்தில் அவையே பெருகுகின்றன. ஹரியானா கோதுமை வயல்களில் ஐசோபுரோட்டுரான் என்ற களைக்கொல்லி 1990களில் இப்படித்தான் கைவிட்டது. இங்கே அந்த நிலை வரும் முன் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மனது அடித்துக்கொள்கிறது.

அடையாளம்: இலை தண்டோடு சேரும் இடத்தில் நெல்லுக்கு மெல்லிய சவ்வு இருக்கும், இதற்கு இருக்காது. கதிரைத் தொட்டால் விதை உதிரும் பருவத்தில், இருபது முப்பது செடிகளிலிருந்து எடுத்து நிழலில் உலர்த்திக் காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், பூஞ்சை பிடிக்கும். உறை மேல் ஊர், அடித்த மருந்துகள், எத்தனை வருடமாக என்று எழுதினால் போதும்.

அப்புறம், மருந்தே படாத வரப்போ தரிசோ பக்கத்தில் இருந்தால் அங்கிருந்தும் ஒரு கைப்பிடி. ஒப்பிட அதுதான் கிடைக்கவே மாட்டேன் என்கிறது. இருந்தால் கமெண்டில் ஊர் பெயர் போடுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.