தம்பி முதல் தடவையா தங்கல் போட்டுக்கு (நாள்கணக்கா கடல்லயே தங்கி மீன் பிடிக்கற படகு) போறான், 40 நாள் எப்படி இருக்கும்?

வள்ளவிளை அக்கா:
தம்பி டிப்ளமோ முடிச்சு ஒரு வருஷமா வீட்ல இருந்தான், இப்போ ஜூலையோட தடைகாலம் முடிஞ்சதும் மாமா போட்டுல தூண்டில் தொழிலுக்குப் போறேன்னு நிக்கிறான். கொச்சி தோப்பும்படியில இருந்து கெளம்பினா திரும்ப 40 நாள் ஆகுமாம். அப்பா கடல்ல நடக்கறதை வீட்ல பேசவே மாட்டாரு, அதனால எனக்கு ஒண்ணும் தெரியாது. தண்ணி, தூக்கம், உடம்புக்கு முடியலேன்னா என்ன செய்வாங்க, என்ன குடுத்து விடணும்? போனவங்க சொல்லுங்க.

மேற்கு கடல்:
12 வருஷம் போனேன்மா. முதல் மூணு நாள் வாந்தி இருக்கும், அப்பவும் வயித்தை காலியா விடக் கூடாது, கஞ்சித் தண்ணியாவது குடிக்கச் சொல்லு. டேங்க்ல இருக்கற நல்ல தண்ணி குடிக்கவும் சோறு பொங்கவும்தான். குளியல் கடல் தண்ணியில, கடைசியா மேல ஊத்திக்க ஒரு கப் நல்ல தண்ணி கெடைச்சா பெரிசு. உப்பு உடம்புலயே காஞ்சு தொடை இடுக்குல, அக்குள்ல புண்ணாயிடும், ராத்திரி துணி உரசினாலே உயிர் போகும், அதனால பழைய காட்டன் கைலி நாலஞ்சு, தேங்காய் எண்ணெய் ஒரு பெரிய பாட்டில் கட்டாயம் வை. காய்கறி பத்து நாள் ஓடும், அப்புறம் உருளை, வெங்காயம், மீன்தான். இன்னொண்ணு, போறதுக்கு முன்னாடி டிடி ஊசி (டெட்டனஸ் வராம இருக்க) போட்டுடு. எனக்கு ஒன்பதாவது நாள் கட்டைவிரல்ல தூண்டில் முள்ளு ஏறிச்சு, பின்னால இழுத்தா சதையோட வரும்னு சிராங்கு (போட்டு ஓட்டறவரு) அதை முன்னால தள்ளி வெளிய எடுத்து, கொக்கி நுனியை பிளையர்ல வெட்டினாரு. கரைக்கு ரெண்டு நாள் ஓட்டம், ஒரு விரலுக்காக யாரும் திரும்ப மாட்டாங்க, நானும் கேக்கல.

சின்னத்துறைக்காரன்:
அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனா ராத்திரி காவல்தான் முக்கியம். தூண்டில் விட்டுட்டு போட்டு மெதக்கும்போது எல்லாரும் அசந்து தூங்குவாங்க, லட்சத்தீவு மினிக்காய்க்கு வடக்க ஒன்பது டிகிரி சேனல்ங்கற கப்பல் பாதை பக்கம்னா பெரிய கப்பல் வந்துக்கிட்டே இருக்கும். 2018 ஆகஸ்ட்ல கேரளா முனம்பத்துக்கு மேற்க போட்டு மேல கப்பல் மோதினதுல நம்ம குமரி ஆளுங்கதான் அதிகம் போனாங்க. காவல் முறை வந்தா போனை நோண்டாம முழிச்சு இருக்கணும், தூக்கம் தாங்கலேன்னா வெக்கப்படாம பக்கத்து ஆளை எழுப்பணும். இதை மட்டும் தம்பிகிட்ட நீங்களே சொல்லுங்க, அக்கா சொன்னா கேப்பான்.

நீரோடி ரோஸ்:
கரையில இருக்கறவங்க பாடும் சொல்றேன். செல்போன் டவர் கொஞ்ச தூரத்துலயே போயிடும், அப்புறம் போட்டுக்கு போட்டு வயர்லெஸ்ல சொல்லி விடற சேதிதான். ஒக்கி புயல் அன்னிக்கு, 2017 நவம்பர் 30, எங்க வீட்டுக்காரர் கடல்ல இருந்தாரு, எச்சரிக்கை வந்தப்போ போட்டெல்லாம் எப்பவோ போயாச்சு. பதினோரு நாள் கழிச்சு லட்சத்தீவுல ஒரு தீவுல ஒதுங்கிட்டோம்னு வேற போட்டுக்காரர் சொல்லித்தான் தெரிஞ்சுது. இப்போ சேட்டிலைட் வழியா எழுத்துல சேதி அனுப்பற கருவி வந்திருக்கு, மாமா போட்டுல அது மாட்டியிருக்கா, வேலை செய்யுதான்னு கெளம்பறதுக்கு முன்னாடி நேர்ல போயி பாருங்க. கூட வர்ற ரெண்டு மூணு போட்டோட பேரும், அந்த வீட்டுக்காரங்க நம்பரும் எழுதி வாங்கிக்குங்க.

வள்ளவிளை அக்கா:
ரொம்ப நன்றி. நாளைக்கே மாமாகிட்ட கருவி பத்தி கேக்கறேன். ஊசி வெள்ளிக்கிழமை போட்டுடறோம்.