விண்டோஸ் 11க்கு மாறுவமோ, பொறுப்பமோ?

அண்ணாமார், அக்காமார், வணக்கம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில எங்கட சின்ன மொழிபெயர்ப்புக் கந்தோரில நாலு கொம்பியூட்டர், நாலும் விண்டோஸ் 10. 2025 ஒக்டோபர் 14ஓட அதுக்கு வழமையான பாதுகாப்பு அப்டேட் நிண்டுபோச்சு. சனத்தின்ர பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி எல்லாம் அதுக்குள்ளதான் கிடக்கு. அதுதான் எனக்குப் பயம்.

ரெண்டில எட்டாம் தலைமுறை இன்ரெல் ப்ரொசெசர், ரீ.பி.எம். 2.0 எண்ட பாதுகாப்புச் சிப்பும் இருக்கு, அதுகள் மாறும். மற்ற ரெண்டும் ஆறாம் தலைமுறை, விண்டோஸ் 11 ஏற்காது. புதுசு வாங்க இப்ப காசில்லை. அதுகளுக்கு விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் எண்ட இலவச இயங்குதளம் போடுவம் எண்டு தம்பி சொல்லுறான். ஆனா எங்கட பழைய ஃபைல் முழுக்கப் பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவில அடிச்சது. லினக்ஸில வேர்டுக்குப் பதிலாப் பாவிக்கிற லிப்ரே ஒஃபிஸில திறந்தால் பக்க அமைப்புக் குலையுமோ? முதல்ல எல்லாத்தையும் யூனிகோட் எண்ட பொது எழுத்து முறைக்கு மாத்திறதுதான் புத்தியோ? செய்து பார்த்த ஆக்கள் சொல்லுங்கோ, ஃபைல் ஒண்டும் கெட்டுப்போகக் கூடாது.